மோபியஸ்: ஒரு சித்திரக்கதை ஓவியரின் இரண்டு கைகள்

மோபியஸ் என்ற புனைபெயரால் உலகெங்கும் அறியப்பட்ட ழான் ஜிரோ (8 மே 1938 – 10 மார்ச் 2012) பிரான்சு நாட்டுச் சித்திரக்கதை ஓவியர். தமிழ் வாசகர்கள் பலருக்கு இந்த இரண்டு பெயர்களுமே புதிதாக இருக்கலாம். ஆனால் சிவகாசியிலிருந்து வரும் முத்து, லயன் காமிக்ஸ் இதழ்களில் ‘கேப்டன் டைகர்’ கதைகளைப் படித்தவர்கள் அவருடைய கோடுகளை நன்கு அறிவார்கள். பிரெஞ்சு மூலத்தில் புளூபெரி என்று பெயர் கொண்ட அந்த மூக்குடைந்த குதிரைப்படை அதிகாரியை உருவாக்கியவர்கள் இருவர். கதை ழான் மிஷெல் ஷார்லியே, ஓவியம் ஜிரோ.

‘மின்னும் மரணம்’ என்ற பெயரில் 2015-இல் தமிழில் வெளியான பெரிய தொகுப்பை முதலிலிருந்து கடைசி வரை புரட்டுபவருக்கு ஓர் ஐயம் எழக்கூடும். முதல் பகுதிகளில் நிழல்கள் கனமாக, அடர்ந்து இருக்கின்றன. பாதிக்குப் பிறகு கோடு மெலிகிறது. புள்ளிகளும் சிறு கீறல்களும் வருகின்றன. முகங்களில் வெளிச்சம் கூடுகிறது. வரைந்தவர் மாறிவிட்டாரா? இல்லை. ஒரே ஓவியர்தான். அந்தக் கதைத்தொடர் 1970-இல் தொடங்கி, நடுவில் ஐந்தாண்டு இடைவெளி விழுந்து, அதன் பிறகும் பல ஆண்டுகள் நீண்டது. அந்த இடைவெளியில் ஜிரோ தாம் கற்ற ஓவியத்தையே கலைத்துப் போட்டுப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தார்.

பாலைவனம்

ஜிரோ பிறந்த ஊர் பாரிசுக்கு அருகிலுள்ள நொழான்-சுர்-மார்ன். பெற்றோர் பிரிந்துவிட்டதால் பெரும்பாலும் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். அக்கால ஐரோப்பியச் சிறுவர்கள் பலரையும் போல அமெரிக்கக் கௌபாய்ப் படங்களில் மயங்கியவர். 1954-இல், பதினாறு வயதில், பாரிசிலுள்ள துப்பெரே கலைப்பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில் ‘வலேரியன்’ விண்வெளிக் கதைகளை வரைந்த ழான்-குளோட் மெசியேர் அங்கே அவருக்குத் தோழர்.

படிப்பை அவர் முடிக்கவில்லை. 1956-இல் மெக்சிகோவில் இருந்த தாயிடம் சென்று பல மாதங்கள் தங்கிவிட்டார். அங்கே கண்ட பாலைவனம் அவரை விடவே இல்லை. எல்லையில்லாத தட்டையான நிலம், மேலே வெறும் நீல வானம், நடுவே ஒரு மனிதன் அல்லது ஒரு பாறை. பிற்காலத்தில் அவர் வரைந்த கௌபாய்க் கதையானாலும் வேற்றுக்கிரகக் கதையானாலும் இந்தக் காட்சி வந்துகொண்டே இருக்கும். ஓவியம் கற்கும் மாணவர்கள் இதைக் கவனிக்கலாம். அவருடைய பக்கங்களில் தொடுவானம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே பாதிப் பாடம் விளங்கிவிடும். தொடுவானம் தாழ்ந்தால் வானம் பெருத்து மனிதன் தனியனாகிறான். உயர்ந்தால் நிலம் அவனை விழுங்குகிறது.

ஜிஜேயின் பட்டறை

பள்ளியில் பெறாததை ஜிரோ ஒரு பட்டறையில் பெற்றார். ஜிஜே என்று கையெழுத்திட்ட ழோசப் ஜிலேன் அன்றைய பெல்ஜிய, பிரெஞ்சுச் சித்திரக்கதை உலகின் மூத்த ஓவியர்களுள் ஒருவர். ‘ஜெரி ஸ்பிரிங்’ என்ற கௌபாய்த் தொடரை வரைந்துவந்தவர். இராணுவச் சேவையை முடித்துத் திரும்பிய ஜிரோ 1961-இல் அவரிடம் துணை ஓவியராகச் சேர்ந்தார். ‘கொரொனாதோவுக்குச் செல்லும் பாதை’ என்ற ஜெரி ஸ்பிரிங் கதைக்கு ஜிஜே பென்சிலில் வரைய, ஜிரோ மை போட்டார்.

மை போடுதல் என்பது பென்சில் கோட்டின் மேல் பேனாவை ஓட்டுவது மட்டுமே என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அது அப்படியன்று. பென்சில் படத்தில் எல்லாக் கோடுகளும் ஏறத்தாழ ஒரே கனத்தில் இருக்கும். எந்தக் கோடு தடிக்க வேண்டும், எது இழைபோல் மெலிய வேண்டும், ஒரு தொப்பியின் அடியில் எவ்வளவு இடத்தைக் கருப்பால் மூட வேண்டும், குதிரையின் விலாவில் ஒளி எங்கே விழ வேண்டும் என்பதையெல்லாம் மை போடுபவர்தான் முடிவு செய்கிறார். ஒரு கட்டத்தில் கருப்பு எங்கே குவிகிறதோ அங்கேதான் வாசகரின் கண் முதலில் போகும். ஆசிரியரின் பென்சில் கோடுகளுக்குள் நின்றபடி இந்த முடிவுகளை நூற்றுக்கணக்கான முறை எடுத்துப் பழகுவது, இசையில் குருவின் பின்னால் அமர்ந்து கூடப் பாடுவதைப் போன்றது.

இதன் பின் அஷெட் பதிப்பகத்தின் நாகரிகங்களின் வரலாற்று நூல்வரிசைக்கு ஜிரோ சில காலம் படங்கள் வரைந்தார்.

1963-இல் ஷார்லியே ஒரு கௌபாய்த் தொடர் எழுத விரும்பி முதலில் ஜிஜேயை அணுகினார். ஏற்கெனவே ஒரு தொடர் கையில் இருந்ததால் ஜிஜே மறுத்துத் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாள் ‘பிலோத்’ வார இதழில் புளூபெரியின் முதல் கதை தொடங்கியது. நாயகனின் முகத்துக்கு ஜிரோ பிரெஞ்சு நடிகர் ழான்-போல் பெல்மொந்தோவை மாதிரியாகக் கொண்டார்.

தொடக்கக்கால புளூபெரியில் ஜிரோவைத் தேடுவது கடினம். எங்கும் ஜிஜேதான் தெரிகிறார். பின்னர் ஜிரோ மீண்டும் மெக்சிகோ சென்றிருந்தபோது ஒரு கதையின் பல பக்கங்களை ஜிஜேயே வரைந்துகொடுத்தார். தொடர் அதனால் தடைபடவில்லை. இருவர் கோடுகளும் அவ்வளவு நெருக்கம். ஒரு தொடக்க ஓவியருக்கு இது குறையன்று. சொந்த நடை வேண்டும் என்று முதல் நாளே துடிக்கும் இன்றைய இளம் ஓவியர்கள் இந்த ஆண்டுகளை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வாரந்தோறும் வந்த பயிற்சி

ஜிரோவின் கையைப் பின்னர் வளர்த்தது ஷார்லியே எழுதிய கதைகள்தாம் என்று சொல்லலாம். ஷார்லியே ஒரே நேரத்தில் பல தொடர்களை எழுதியவர்; திருப்பங்களுக்கும் நீண்ட உரையாடல்களுக்கும் பெயர்போனவர். ஒரு கட்டத்தில் நான்கைந்து ஆட்கள், அவர்களுடைய குதிரைகள், பின்னால் ஒரு கோட்டை அல்லது ரயில், இவற்றுக்கு மேல் பெரிய பெரிய பேச்சுக்குமிழ்கள் என்று எல்லாவற்றையும் அடக்க வேண்டும். குமிழ்கள் முகத்தை மறைக்கக் கூடாது. யார் முதலில் பேசுகிறார் என்பதில் குழப்பம் வரக் கூடாது. அதே வேளை நிலத்தின் விரிவும் தெரிய வேண்டும். வார இதழ் என்பதால் யோசித்துக்கொண்டிருக்க நேரமும் கிடையாது. இந்த நெருக்கடியில்தான் கட்டங்களை அமைக்கும் திறன் முதிர்ந்தது.

இந்தக் காலத்தின் உச்சம், தமிழில் ‘தங்கக் கல்லறை’ என்று வந்த கதை. அரிசோனாவின் மலைத்தொடர் ஒன்றில் தொலைந்துபோன தங்கச் சுரங்கத்தைத் தேடிப் பேராசை பிடித்தவர்கள் அலையும் கதை அது. 1970-களின் தொடக்கத்தில் நூல்வடிவம் பெற்ற இதில் ஜிஜேயின் சாயல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பாறைகளே பாத்திரங்களாகி நிற்கின்றன. வெயிலில் வெடித்த பாறை, வியர்வை வழியும் முகம், புழுதி படிந்த சட்டை ஆகிய மூன்றுக்கும் தூரிகையால் மூன்று வகைக் கோடுகள். வண்ணம் இல்லாமல் பார்த்தாலும் எது கல், எது தோல், எது துணி என்று கண்ணுக்குத் தெரியும்.

வண்ணம் இல்லாமல் பார்க்கும் வாய்ப்பு தமிழ் வாசகர்களுக்கே கிட்டியிருக்கிறது. முன்பு இக்கதைகள் தமிழில் செய்தித்தாள் தரத் தாளில் சிறிய அளவில் கருப்பு வெள்ளையாக வந்தன. நெருங்கிய நிழற்கோடுகள் மை ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பக்கங்கள் அவற்றில் உண்டு. ஆனாலும் கதை புரிந்தது; நிலம் நிலமாகத் தெரிந்தது. கட்டத்தின் அடிப்படை அமைப்பு எவ்வளவு உறுதியானது என்பதற்கு அந்த மலிவுத் தாளைவிட நல்ல சோதனை இல்லை. 2012-க்குப் பிந்தைய பெரிய அளவு வண்ணப் பதிப்புகளோடு பழைய இதழ்களை ஒப்பிட முடிந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மாற்றுப்பாதை

முப்பத்தைந்து வயதில் ஜிரோவிடம் ஒரு முழுமையான தொழில் இருந்தது. புகழ்பெற்ற தொடர், நிலையான வருமானம், தேர்ந்த கை. இன்னும் முப்பது ஆண்டுகள் அதே முறையில் வரைந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1973-இல் அதே பிலோத் இதழில் ஏழு பக்கக் கதை ஒன்றை வெளியிட்டார். அதன் தலைப்பே ‘மாற்றுப்பாதை’. ஓவியர் தம் மனைவி, மகளுடன் காரில் விடுமுறைக்குக் கிளம்புகிறார். வழி மாறி விபரீத உலகங்களுக்குள் போய்விடுகிறார். அவ்வளவுதான் கதை. ஆனால் ஓவியம் முற்றிலும் வேறு. தூரிகையின் வேகமான தடித்த கோடுகளுக்குப் பதில் பேனா முனையின் ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள். பழைய செப்புத்தகட்டு அச்சுப் படங்களை நினைவூட்டும் அடர்த்தி.

கருவி மாறியதைச் சிறு செய்தியாகக் கருதக் கூடாது. தூரிகை அழுத்தினால் தடிக்கும், தூக்கினால் மெலியும். மணிக்கட்டின் ஒரே வீச்சில் ஒரு குதிரையின் கழுத்து வந்துவிடும். அது வேகத்துக்கும் அசைவுக்கும் ஏற்றது. பேனா முனை மெதுவானது. ஒரு நிழலை உண்டாக்க நூறு கீறல்கள் வேண்டும். அந்த மெதுவே ஓவியரை வேறு விதமாகச் சிந்திக்க வைக்கிறது. அடுத்த கட்டத்துக்கு ஓடாமல் இந்தக் கட்டத்திலேயே அலையவிடுகிறது. கௌபாய்க் கதைக்கு ஜிரோ தூரிகையையும் கற்பனைக் கதைகளுக்குப் பேனாவையும் முதன்மையாகக் கொண்டார். ஒரே மனிதரிடம் இரண்டு கைகள் உருவாயின.

இரண்டாம் கைக்கு ஒரு பெயரும் ஏற்கெனவே இருந்தது. 1963-இல் ‘ஹரா-கிரி’ என்ற நையாண்டி இதழில் சில பக்கங்கள் வரைந்தபோது மோபியஸ் என்று கையெழுத்திட்டுப் பிறகு கைவிட்டிருந்தார். அந்தப் பெயர் ஜெர்மானியக் கணித அறிஞர் மோபியசின் பெயரால் வழங்கும் பட்டையிலிருந்து வந்தது. ஒரு நீண்ட தாள் துண்டை எடுத்து, அரைச்சுற்று முறுக்கி, இரு முனைகளையும் ஒட்டினால் மோபியஸ் பட்டை கிடைக்கும். அதன் மேல் பென்சிலைத் தூக்காமல் கோடிழுத்துக்கொண்டே போனால் இரண்டு பக்கமும் கோடு விழுந்திருக்கும். ஏனென்றால் அதற்கு உண்மையில் ஒரே பக்கம்தான். மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஜிரோவும் மோபியசும் இரு வேறு ஆட்களாகத் தோன்றியதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்க முடியாது.

1974-இன் இறுதியில் ஜிரோ, பிலிப் துரூயே, ழான்-பியேர் தியோனே, பெர்னார் ஃபர்காஸ் ஆகியோர் சேர்ந்து ஒரு பதிப்பகம் தொடங்கினர். அதன் இதழான ‘மெத்தால் ஹூர்லான்’ 1975 தொடக்கத்தில் வெளிவந்தது. அதே காலத்தில் பிலோத்தை நடத்திய பதிப்பகத்துடன் உரிமைத்தொகை தொடர்பான பிணக்கும் ஏற்பட, புளூபெரி நின்றது. கைக்கு வந்த பிழைப்பை நிறுத்திவிட்டு யாரும் கேட்காத ஒன்றை வரையத் துணிந்த காலம் இது.

சொல்லில்லாத பறவை

புதிய இதழில் வந்த ‘அர்சாக்’ ஒரு விநோதம். கூம்புத் தொப்பி அணிந்த ஒரு வீரன் பெரிய பறக்கும் விலங்கின் மேல் அமர்ந்து பாழ்நிலங்களுக்கு மேலே செல்கிறான். ஒரு சொல்கூடக் கிடையாது. ஒவ்வொரு பகுதியிலும் தலைப்பின் எழுத்துக்கூட்டலே மாறுகிறது. ஷார்லியேயின் நிறைந்த உரையாடல்களோடு பத்தாண்டு பழகியவர் குமிழே இல்லாத கதைக்கு வந்தது தற்செயலாக இருக்காது. வழக்கமாகக் கருப்புக் கோடுகளை முதலில் முடித்து, வண்ணத்தைத் தனிப்படியில் சேர்ப்பார்கள். அர்சாக்கில் மூலப் பக்கத்தின் மேலேயே நேரடியாக வண்ணம் தீட்டப்பட்டது. கோடும் வண்ணமும் ஒரே கையால், ஒரே தாளில்.

அடுத்து வந்த ‘காற்றுப்புகா கராஜ்’ முன்கூட்டிக் கதை எழுதாமல் இதழுக்கு இதழ் சில பக்கங்களாக வளர்ந்தது. அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று ஓவியருக்கே தெரியாது. நடை பக்கத்துக்குப் பக்கம் மாறும். ஒரு பக்கம் கேலிச்சித்திரம், அடுத்த பக்கம் நுண்கீறல். விமரிசகர்கள் பலர் இதைத்தான் அவருடைய தலைசிறந்த படைப்பு என்பார்கள். கதையாகப் படிப்பவருக்குப் பொறுமை வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓர் ஓவியரின் பயிற்சி ஏடாகப் பார்த்தால் அதற்கு இணை குறைவு.

இந்தப் பக்கங்கள் சினிமாக்காரர்களின் கண்ணில் பட்டன. அலெஹாண்ட்ரோ ஹொடரோவ்ஸ்கி 1970-களின் நடுவில் எடுக்கத் திட்டமிட்டுக் கைவிட்ட ‘டூன்’ படத்துக்கு மோபியஸ் காட்சிப் படங்களும் உடை வடிவங்களும் வரைந்தார். அங்கே சந்தித்த டான் ஓபானன் எழுதிக்கொடுக்க, அவர் வரைந்த குறுங்கதை ‘நீண்ட நாளை’. அதில் வரும் அடுக்கடுக்கான நெரிசல் நகரம் ‘பிளேடு ரன்னர்’ (1982) படத்தின் நகரத்துக்குத் தூண்டுதலாக அமைந்தது. ‘ஏலியன்’ படத்தின் விண்வெளி உடைகளிலும், ‘டிரான்’ படத்திலும், 1997-இல் ‘ஃபிஃப்த் எலிமெண்ட்’ படத்திலும் அவர் கை உண்டு. ஹொடரோவ்ஸ்கியுடன் சேர்ந்து 1980 முதல் 1988 வரை ‘இன்கால்’ கதையை ஆறு பாகங்களாக வரைந்தார். ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி தம் ‘நவுசிகா’ படைப்பில் அர்சாக்கின் தாக்கத்தை ஒப்புக்கொண்டவர். அந்த நட்பின் அடையாளமாக ஜிரோ தம் மகள் ஒருத்திக்கு நவுசிகா என்று பெயரிட்டார்.

ஒரு கை மற்றொரு கைக்குக் கற்பித்தது

1979-இல் புளூபெரி மீண்டும் தொடங்கியது. முன்னே குறிப்பிட்ட மாற்றம் தெரிவது இங்கிருந்துதான். அபாச்சேக்களிடையே நாயகன் வாழும் அந்தப் பகுதியில், தூரிகைக் கோடுகளோடு மோபியசின் புள்ளிகளும் குறுங்கீறல்களும் கலக்கின்றன. பாறைகளின் உட்புறம் வெறுமையாக விடப்படுகிறது. வெயிலின் வெறுமை அது. முன்பு கருப்பால் நிரப்பியிருப்பார். கற்பனைக் கதைகளில் அலைந்து கற்றதை கௌபாய்க் கதைக்குக் கொண்டுவந்துவிட்டார். எதிர்த்திசையிலும் இது நடந்தது. அர்சாக்கின் பாழ்நிலம் நம்பும்படி இருக்கக் காரணம், அதற்கு முன் பத்தாண்டு அரிசோனாவை வரைந்த கை அது என்பதுதான். பறக்கும் விலங்கின் எடை நமக்கு உறைக்கிறதென்றால் நூற்றுக்கணக்கான குதிரைகளை வரைந்த அனுபவம் பின்னால் இருக்கிறது.

1983-இல் சித்ரோவன் கார் நிறுவனத்துக்காக ‘விண்மீனின் மேல்’ என்ற கதையை வரைந்தபோது மூன்றாவது திருப்பம். நிழற்கீறல்களைப் பெருமளவு துறந்துவிட்டு, ஒரே கனமான தெளிந்த கோடும் தட்டையான மென்வண்ணமும் போதும் என்று வந்தார். விளம்பர வேலையாகத் தொடங்கிய அது ‘எதேனா’ என்ற நெடுந்தொடராக வளர்ந்தது. கோடுகளைக் குறைத்து வரைவது எளிது என்று எண்ணக் கூடாது. நூறு கீறல்களுக்குள் ஒரு தவறான கீறல் ஒளிந்துகொள்ளும். ஐந்து கோடுகள் மட்டும் உள்ள முகத்தில் ஒன்று பிசகினாலும் முகமே பிசகிவிடும். எல்லாம் வரையத் தெரிந்த பிறகுதான் அவர் அங்கே வந்தார் என்பதைக் காலவரிசை காட்டுகிறது.

எல்லா முயற்சியும் ஒரே தரத்தில் அமையவில்லை. ஸ்டான் லீ எழுத, அமெரிக்க மார்வெல் நிறுவனத்துக்காக 1988-இல் வரைந்த ‘சில்வர் சர்ஃபர்’ கதைக்கு அமெரிக்காவில் விருது கிடைத்தது. ஆனால் எதேனாவுக்குப் பக்கத்தில் வைத்தால், பிறர் வீட்டில் விருந்துக்குச் சென்றவரின் கூச்சம் அதில் தெரிகிறது. 1989-இல் ஷார்லியே காலமான பின் புளூபெரியை ஜிரோ தாமே எழுதி வரைந்து 2005 வரை தொடர்ந்தார்.

கடைசி ஆண்டுகள்

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த ‘இன்சைடு மோபியஸ்’ ஆறு பாகங்களைக் கொண்டது. நீண்ட காலப் பழக்கமான கஞ்சாப் புகையை விட்டொழிக்க முயன்றபோது குறிப்பேடுகளில் வரையத் தொடங்கியது அது. ஓவியர் ஒரு பாலைவனத்தில் நடக்கிறார். தாம் படைத்த பாத்திரங்களையும் இளவயது ஜிரோவையும் சந்தித்து வாதாடுகிறார். புளூபெரி வந்து தன் ஓவியரிடமே குறைப்படுகிறான். பின்னணி ஏறக்குறைய எதுவுமில்லை. ஒரு தொடுவானக் கோடு, இரண்டு உருவங்கள். தேர்ந்த ஓவியர் ஒருவர் பள்ளி நோட்டில் கிறுக்கியதைப் போன்ற விடுதலை அதில் இருக்கிறது.

2010 அக்டோபர் முதல் 2011 மார்ச் வரை பாரிசின் கார்த்தியே அறக்கட்டளையில் அவருடைய பெரிய கண்காட்சி நடைபெற்றது. உருமாற்றம் என்பதே அதன் மையப் பொருள். அப்போது அவருக்குப் பார்வை குன்றியிருந்தது. பேனா முனையின் நுண்கீறலைத் தாளில் காண்பது கடினமாகிவிட, கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கி வரையப் பழகிக்கொண்டார். எழுபது வயதைக் கடந்தவர் எடுத்த புதிய கருவி அது. சொல்லே இல்லாமல் தொடங்கிய அர்சாக்கை அவ்வாண்டு மீண்டும் கையிலெடுத்து, இம்முறை அவனைப் பேசவைத்து, ‘அர்சாக்: நில அளவையாளன்’ என்ற நூலை வெளியிட்டார். தொடராக வளர்க்க எண்ணியிருந்த அந்தக் கதையின் முதல் நூலே கடைசி நூலாகிவிட்டது.